காப்பி டப்பாவில் விழுந்த சீட்டுகள்

நார்வேயிலிருந்து வந்தவர்கள் மின்னசோட்டாவில் கட்டிய அந்த லுத்தரன் தேவாலயத்தை மூடுவதா வேண்டாமா என்று, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாக்கெடுத்தார்கள். மிச்சமிருந்தது ஒன்பதே பேர். மூடினால் கல்லறைத் தோட்டமும் போச்சு. அப்புறம் யாரையும் அங்கே புதைக்க முடியாது. ராக்னாவுக்கு அதுதான் கவலை. அவள் கணவன் ஹால்வோர் சாகும்முன்பே தன் கல்லறைக் கல்லில் அவள் பெயரையும் சேர்த்து வெட்டச் சொல்லியிருந்தான்.

“பயப்படாதீங்க அண்ணி, ஒன்பது பேருமே வேண்டாம்னுதான் எழுதுறோம்,” என்றான் கொழுந்தன் ஸ்வெர்ரெ. “மூடிட்டா உங்க காப்பிக்கு எங்க போறது? குடிச்சா செத்தவனே எழுந்து உக்காருவானே.”

ஓட்டுப் பெட்டியாகக் காலி காப்பி டப்பா ஒன்றைச் சுற்றவிட்டார்கள். ஒன்பது சீட்டு விழுந்தது. மேசையில் கவிழ்த்தபோது சீட்டுகள் கொட்டின, கொட்டின, மலையாகக் கொட்டிக்கொண்டே இருந்தன. வேண்டாம் என்று ஒன்பது. மூடலாம் என்று நூற்று நாற்பத்தேழு, ஈர மண்ணோடு.

“தோட்டத்துல இருக்கறதும் நூத்தி நாப்பத்தேழு பேர்தான்,” என்றார் போதகர். உறுப்பினர் பட்டியலைப் புரட்டினார். இறந்தவர் பெயரை அடிப்பது மரியாதையில்லை என்று நூற்றைம்பது வருடமாக அப்படியே விட்டிருந்தார்கள். “பேர் இருக்கே. ஓட்டு செல்லும்.”

ராக்னா ஒரு சீட்டை எடுத்தாள். குளிர்காலம் முழுக்க மூன்றே வார்த்தை பேசிவந்த ஹால்வோரின் கையெழுத்து. ‘மூடலாம்.’ அடியில் இரண்டு கோடு.

கல்யாணத்துக்குக் கேட்டு எழுதிய கடிதத்தில்கூட அவன் எதற்கும் கோடு போட்டதில்லை.