சாரல் படாத வண்டி

கார் உறையை உருவி எடுத்தார்.

காலை ஏழு மணி. சாரல் விழுந்துகொண்டிருந்தது. வாங்கிய பதினான்கு வருடத்தில் முதல் தடவையாகச் சாரலில் காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து, வாசலில் நிறுத்தினார்.

சொட்டுகள் பெயிண்டில் விழத்தான் செய்தன.

விழட்டும்.

தென்காசியே சாரலுக்கு ஏங்கிக் கிடக்கும். அவர் ஒருவர்தான் வானத்தைப் பார்த்து வைவார். சொட்டு காய்ந்தால் புள்ளி. புள்ளி விழுந்தால் பெயிண்ட் போச்சு. ஆனி பிறப்பதற்குள் மூன்று தடவை மெழுகு பூசிவிடுவார். அப்புறம் ஆவணி முடிகிறவரை வண்டி நகராது.

மகள் கோமதி கல்லூரியில் சேர்ந்த அன்றும் சாரல்தான். சான்றிதழ்களைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனாள்.

பாவி நான். அன்றைக்கு வண்டியை எடுத்திருக்கலாம்.

பேறுகாலத்துக்கு வந்தவள், இன்று மூன்று மாதப் பிள்ளையோடு ராஜபாளையத்துக்கு, புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள். துணைக்கு அவள் அம்மா உலகம்மையும் போகிறாள். இன்றாவது அவர்தான் ஓட்டிக்கொண்டு போய் விட வேண்டும். நேற்றே முடிவு செய்துவிட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் தப்பு.

டாக்ஸி வந்து நின்றது.

"நான்தாம்ப்பா வரச் சொன்னேன்," என்றாள் கோமதி. "சாரல்ல நம்ம வண்டி எதுக்கு? பெயிண்ட் போயிரும்லா. உள்ள எடுத்து விடுங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார்.

"இல்லம்மா, நான்..."

பைகளை அதற்குள் ஏற்றியாகிவிட்டது. உலகம்மை பிள்ளையோடு உள்ளே உட்கார்ந்துவிட்டாள்.

கோமதி உடனே ஏறவில்லை. இரண்டு எட்டு தள்ளிப் போனாள். கம்பி டாக்ஸியில் உரசாதபடி குடையை அங்கேயே நின்று மடக்கினாள். தலை நனைந்தது. வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டு, விரல் நுனியால் கதவைத் தொட்டாள்.

எல்லாம் அவர் பழக்கியது. பயத்தில் பழகியது.

டிரைவர் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்மா நனைஞ்சிக்கிட்டு நிக்கீங்க? கீறுனா கீறிட்டுப் போவுது, வண்டிதான. ஏறுங்க."

கோமதி சட்டென்று அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

யார் வண்டியோ. யாரோ ஏறச் சொல்கிறான். அப்படியும் பார்த்தாள்.

அவர் தலையை ஆட்டிய பிறகுதான் ஏறினாள்.