திரும்பி வரும்போது மட்டும்

“ஏனப்பா காளிச்சாமி, உனக்குக் காது கேக்குதா, இல்ல அதையும் கழட்டி மண்ணெண்ணெயில ஊறப் போட்டுட்டயா?”

பின்சீட்டில் சேலையைப் பரத்திச் சம்மணம் போட்டிருந்த மருதாத்தாள்தான் கேட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மெக்கானிக் காளிச்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காது கேட்காமல் என்ன? காரின் வயிற்றுக்கடியில் உரல் உருளுகிற மாதிரி கடகடவென்று சத்தம். கியர் கம்பி கையிலேயே நடுங்கியது.

இது ஐந்தாவது தடவை. கேரள எல்லைக்குள் இருக்கும் எருத்தேன்பதியில் அவன் ஷெட்டுக்கு முன்னால் ஒரு வண்டி வந்து நின்றால், பானெட்டைத் திறக்காமலே, சத்தத்தை வைத்தே நோவைச் சொல்லிவிடுவான் என்று பேர். அந்தப் பேரை இந்த ஒற்றைக் கிழட்டுக் கார் சந்தி சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது. கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டை மூன்று தடவை இறக்கி ஏற்றியாயிற்று. அதன் முனைகளை இணைக்கும் கிராஸ் புதுசு, கியர் பாக்ஸுக்கு அடியில் ரப்பர் புதுசு. தண்டு வளைந்திருக்கிறதோ என்று லேத்தில் மாட்டிச் சுற்றிப் பார்த்தால், நூல் பிடித்த மாதிரி நேராக இருந்து தொலைத்தது.

ஆனாலும் சத்தம். அதுவும் எப்போது? எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனைமலையில் இருக்கும் மருதாத்தாள் வயலுக்குப் போகும்போது வராது. அங்கிருந்து திரும்பும்போது மட்டும் வரும். அந்த அம்மாளை வீட்டில் இறக்கிவிட்டு, மறுநாள் காரை ஷெட்டுக்கு வரவழைத்து ஓட்டிப் பார்த்தால், பச்சைப்பிள்ளை மாதிரி ஓடும்.

“நம்ம டிரைவரு பயந்துக்கிட்டு இந்த ரோட்டுல ஓட்ட மாட்டேங்கறான். நீயே ஓட்டிப் பாருன்னா நீயும் முழிக்கறே. ஆவணில புள்ளைக்குக் கண்ணாலம். மாப்பிள்ளையை நடத்தியா கூட்டிட்டு வரச் சொல்றே?”

“அம்மா, பின்னால பாரம் ஏறினாத்தானுங்க, தண்டு சாஞ்சு இப்படிக் கத்தும்…”

“பாரமா?” மருதாத்தாளின் குரல் ஏறியது. “யாரப்பா பாரம்? என்னையவா சொல்றே?”

காளிச்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த அம்மாள் கொஞ்சம் பூசின உடம்புதான். அதற்காக ஒரு பொம்பளையிடம் போய், ‘எந்திரிங்க, சீட்டைப் பார்க்கணும்’ என்று சொல்ல முடியுமா? தவிர, போகும்போதும் அதே சீட்டில் அதே அம்மாள்தானே? ஷெட்டு ஆட்கள் ரெண்டு பேரைப் பின்னால் உட்கார வைத்தும் ஓட்டிப் பார்த்தாயிற்று. ஒரு முனகல் இல்லை.

செக்போஸ்ட் வந்தது. முன்னால் நின்ற பஸ்ஸைச் சீட்டு சீட்டாகத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அரிசி எல்லை தாண்டக் கூடாது என்று கெடுபிடி நடந்த வருஷம் அது. மடியில் ரெண்டு படி கட்டிக்கொண்டு வந்தவளைக்கூட விடவில்லை. ரோட்டோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

காவலுக்கு நின்றவர் காளிச்சாமியின் கிரீஸ் கையைப் பார்த்ததும் சிரித்தார். “ஆசானே, சத்தம் போயோ?”

“எங்கீங்க போச்சு? நீங்களே கேளுங்க!” காளிச்சாமி ஆக்சிலேட்டரை மிதித்துக் காரை ரெண்டடி நகர்த்திக் காட்டினான். கார் கடகடத்தது.

“ஐயோ, கஷ்டம்! போய்க்கோ, போய்க்கோ.”

குறுக்குக் கம்பு மேலே போனது. ஊர் சிரித்தது போதாதென்று செக்போஸ்ட்டும் சிரிக்கிறதே என்று காளிச்சாமிக்கு அழாத குறை.

அடுத்த வாரம் ஆறாவது தடவை. வயலோரத்துச் சாளை வீட்டுக்குள் அவனை உட்கார வைத்து, வழக்கம்போலக் கோழிக்குழம்போடு சாப்பாடு போடச் சொன்னாள் மருதாத்தாள். நிதானமாகத் தின்னட்டும், மறுசோறு போடாமல் விடாதே என்று சமையல்காரியிடம் சொல்லிவிட்டு அவள் மட்டும் வெளியே காருக்குப் பக்கத்தில் நின்றாள். சோறென்ன, குழம்பென்ன, திரும்பும்போது கார் கத்திய கத்தலில் புளியமரத்துக் காக்காய்களெல்லாம் பறந்தன.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் காளிச்சாமி சாவியை நீட்டினான்.

“அம்மா, எனக்குத் தெரியலீங்க. இந்த நோவு என்ற கைக்கு அடங்காது. வேற ஆளைப் பாருங்க.”

இருபது வருஷத் தொழிலில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் மருதாத்தாள் கோபிக்கவில்லை.

“விடப்பா. ஆறு தடவை வந்தயே, அதுவே போதும். கண்ணாலத்துக்குத் தவறாம வந்துரு.”

போனான். அந்த வருஷம் கல்யாண வீடுகளில் கோதுமை உப்புமாவும் மரவள்ளிக்கிழங்கும்தான். மருதாத்தாள் வீட்டுப் பந்தலில் மட்டும் இலைக்கு இலை வெள்ளைவெளேரென்று சோறு குவிந்தது. காளிச்சாமிக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சற்று முன்புதான் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு அதே கார் சத்தமே இல்லாமல் வந்து நின்றது. எவனோ ஒருத்தன் கண்டுபிடித்துவிட்டான்!

பந்தியைப் பார்த்துக்கொண்டு வந்த மருதாத்தாளிடம் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான். “காரை யாருங்கம்மா சரி பண்ணுனது? கொழிஞ்சாம்பாறை மெக்கானிக்குங்களா?”

“எவனும் தொடல,” என்று குனிந்து அவன் இலையில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள் மருதாத்தாள். பிறகு காதோடு சொன்னாள்: “என்ற வயல்ல வெளஞ்ச அரிசியை என்ற ஊட்டுக்கே கொண்டார விடமாட்டேன்னானுங்க. நல்லாச் சாப்பிடு காளிச்சாமி, ஆறு தடவையும் என்ற சீட்டுக்கடியில வெச்சு செக்போஸ்ட்டைத் தாண்டி நீ ஓட்டிட்டு வந்ததுதான்!”