கீழ் வீட்டுத் தட்டல்

"ஆரம்பிச்சுட்டாருங்க!" என்றாள் நிவேதிதா.

டொக். டொக். டொக். கீழ் வீட்டிலிருந்து ஒட்டடைக் குச்சியால் சீலிங்கை இடிக்கும் சத்தம்.

கூடத்தில் குதித்துக்கொண்டிருந்த நாலு வயது விஷால் சட்டென்று நின்றான். நிவேதிதா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு சமையலறைக்குள் போய்விட்டாள். தினமும் சாயங்காலம் நடப்பதுதான். அந்த இடியைக் காதால் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியாது.

"அந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்ல," என்றான் ராகவன், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஈரோட்டிலிருந்து இந்த மண்ணூர்பேட்டை ஃபிளாட்டுக்கு அவர்கள் குடிவந்து சில மாதம்தான் ஆகிறது. கீழ் வீட்டு சுப்பராயன், பக்கத்திலுள்ள பாடியில் ஏதோ ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "இன்னாமா, சாப்டாச்சா?" என்று ஆரம்பிப்பார். அடுத்தது புகார்தான் வரும் என்று நிவேதிதா போனைக் காதில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிடுவாள். போனில் மறுபக்கம் யாரும் இருக்க மாட்டார்கள்.

அவளுக்கு இருக்கிற கவலைக்கு இந்த வம்பு வேறா? விஷாலுக்கு ஆட்டிசம் என்று சொன்ன டாக்டர், பேச்சுப் பயிற்சிக்கு ரெஃபரல் லெட்டர் கொடுத்திருந்தார். லெட்டர் கிடைத்துவிட்டது, இடம்தான் கிடைக்கவில்லை. ஒரு சென்டரில் பொங்கல் கழித்து வரச் சொன்னார்கள். இன்னொன்றில் போனையே எடுக்கவில்லை. அலையாய் அலைந்த பிறகு, ஆவடியில் ஒரு சென்டர் நடத்தும் ஹில்டா மேடம்தான் நேரில் வரச் சொன்னார்.

சனிக்கிழமை போனார்கள். ஹில்டா மேடம் தரையில் உட்கார்ந்து விஷாலிடம் பந்தை உருட்டினார். அவன் பந்தை விட்டுவிட்டு ஃபேனைப் பார்த்தான்.

"சின்ன குரூப் ஒண்ணுல ஒரே ஒரு இடம் இருக்கு. ஆனா, மாத்தி மாத்தி விளையாடுற குழந்தையா இருக்கணும். நான் ஒண்ணு செஞ்சா, பதிலுக்கு அவன் ஒண்ணு செய்யணும். வீட்ல யார்கூடயாவது அப்படி விளையாடுவானா?"

ராகவன் மனைவியைப் பார்த்தான். பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. "எங்ககூடயே இல்லைங்க மேடம்."

"பரவாயில்ல. தனியா சொல்லிக்கொடுக்க இடம் வர நாளாகும். திங்கட்கிழமை வரைக்கும் இத யாருக்கும் கொடுக்காம வெச்சிருக்கேன். துளியூண்டு ஏதாவது தெரிஞ்சாலும் போன் பண்ணுங்க. அப்புறம், குதிக்கிறான்னு சொன்னீங்களே... நல்லா குதிக்கட்டும், தடுக்காதீங்க."

சொல்ல அவருக்கென்ன? அவர் வீட்டுக்குக் கீழேயா சுப்பராயன் குடியிருக்கிறார்? திரும்பும் வழியிலேயே நிவேதிதா கனமான ரப்பர் மேட் வாங்கி, கூடம் முழுக்க விரித்துவிட்டாள்.

விளைவு, விஷால் குதிக்கவே இல்லை. மேட்டின் ஓரத்தைப் பிய்த்து இழுத்துச் சிணுங்கிக்கொண்டே இருந்தான். ஞாயிறும் போனது, திங்கட்கிழமை சாயங்காலமும் வந்தது. ஹில்டா மேடத்துக்குச் சொல்ல அவர்களிடம் ஒன்றுமில்லை.

அப்போதுதான் காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தால் சுப்பராயன், கையில் ஒட்டடைக் குச்சியோடு!

நிவேதிதா முந்திக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க சார். பையனுக்கு ஆட்டிசமுங்க. நாங்க என்ன சொன்னாலும் பதிலே தரமாட்டானுங்க. அதான் மேட் போட்டுட்டோம். இனிமே சத்தமே வராதுங்க."

"அதத்தாம்மா கேக்க வந்தேன். இன்னாத்துக்கு மேட்டு? நானும் ரெண்டு நாளா தட்டிகினே கீறேன், பய ஒண்ணுமே திருப்பிக் குடுக்க மாட்றான். ஒடம்பு கிடம்பு சரியில்லியோன்னு எனுக்கு பேஜாரா பூட்ச்சு."

"திருப்பிக் குடுக்கறதா?"

சுப்பராயன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். மேட்டைச் சுருட்டி ஓரமாகத் தள்ளினார். குச்சியால் தரையில் தட்டினார். டொக், டொக்.

விஷால் சிணுங்கலை நிறுத்திவிட்டு எழுந்தான். டொம், டொம்!

அவர் நாலு தட்டினார். அவன் நாலு குதித்தான். அவர் வேண்டுமென்றே சும்மா இருந்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தவன், பொறுக்க முடியாமல் தானே ஒரு குதி குதித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். முகத்தை! அவர் ஒரு தட்டு தட்டியதும் கெக்கெக்கே என்று சிரித்தான்.

நிவேதிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "ஏங்க, மேடத்துக்குப் போன் போடுங்க! மாத்தி மாத்தி விளையாடறான்னு சொல்லுங்க! இடத்த யாருக்கும் குடுத்துற வேண்டாம்னு சொல்லுங்க!"

ராகவன் போனைத் தேடி ஓடினான். அவள் சுப்பராயனிடம் திரும்பினாள். "நாங்க... நீங்க கோவத்துல இடிக்கறீங்கன்னு நெனச்சோமுங்க சார்."

"மொத நாளு கடுப்புலதாம்மா தட்னேன். இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்? ஆனா, நா தட்ன மாரியே மேலேர்ந்து திருப்பிக் குட்த்தான் பாரு, அப்பாலிக்கு எனுக்கு வுட மனசு வர்ல." சுப்பராயன் குச்சியை விஷாலின் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ தமாஷ் சொல்வதுபோல் சிரித்தார். "நீ வந்த நாளா ஒன்னியுந்தான் படியில சாப்டாச்சான்னு கேட்டுகினு கீறேன். இந்த பில்டிங்ல எனுக்கு பதில் சொல்றது உம் புள்ள ஒருத்தன்தானேம்மா!"