விட்டுக்கொடுத்த இடம்

சீனாவின் லான்சோ கல்லூரி நூலகப் படிக்கட்டில் இளவெயில் ஏறுகிறது. முதுகலை நுழைவுத்தேர்வுக்குப் படிக்கிறவர்கள் சுவரைப் பார்த்து நின்றபடி ஆங்கிலச் சொற்களை உரக்க ஒப்பிக்கிறார்கள். யூலான் ஒரு சொல் அட்டையைத் தோழியிடம் நீட்டுகிறாள். "ரெலின்க்விஷ்." பெய்ஜென் கண்ணை மூடிக்கொள்கிறாள். "உரிமைய விட்டுக்கொடுக்கிறது. லத்தீன்ல, பின்னால விட்டுட்டுப் போறது." நுழைவுத்தேர்வு இல்லாமலே தனக்குக் கிடைத்த முதுகலை இடத்தை பெய்ஜென் போன வாரம்தான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள், இருவரும் சேர்ந்தே தேர்வெழுதுவதாகப் பேச்சு. யூலானின் கைபேசி அதிர்கிறது. கல்லூரி அறிவிப்பு: அந்த இடம் தரவரிசையில் அடுத்தவளான யூலானுக்கு. பெய்ஜென் எட்டிப் படித்துவிட்டு நிமிர்கிறாள். "உனக்கு வந்தாலும் வேண்டாம்னு எழுதித் தருவேன்னியேடி!" யூலான் அட்டைக்கட்டை ரப்பர் வளையம் போட்டு இறுக்கி, பெய்ஜென்னின் மடியில் வைக்கிறாள். "நீயே வச்சுக்கோ. எனக்கு இனிமே தேவைப்படாது."