பூச்சி விழுந்த கூறு

"அண்ணி, உங்க கூறுல பூச்சி. வேணாம்."

அய்யாவு தலையை நிமிர்த்தாமலே சொன்னான். வாழையிலையை ஏந்திக்கொண்டு நின்ற செல்லாயிக்கு முகம் சுண்டிப்போச்சு.

கரங்கான் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட். ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலம். அரிசியைக் கண்ணால் பார்த்து மாசக்கணக்காச்சு, மூணு வேளையும் மரவள்ளிக் கிழங்குதான். அய்யாவு வைக்கிற கண்ணியில் எப்பவாவது காட்டுப்பன்னி மாட்டினால் அன்றைக்கு வரிசை வீட்டு லயத்துக்கே திருவிழா. வீட்டுக்கு ஒரு கூறு. அதுதான் வழக்கம்.

"பூச்சியா? எங்கே, காட்டு பார்ப்போம்."

"தூக்கிப் போட்டுட்டேன் அண்ணி. சதைக்குள்ள அரிசி அரிசியா வெள்ளையா இருந்துச்சு. தின்னா காய்ச்சல் வந்து உடம்பையே முறுக்கிப் போட்டுடும்."

"அட, பன்னிக்காச்சும் அரிசி கிடைச்சிருக்கே!" என்றான் அடுத்த வீட்டுக் குழந்தைவேலு. சொன்னவன் தன் கூறை அவசரமாகப் புரட்டிப் பார்த்தான். "டேய், என்னுதுல இல்லியேடா?"

"உன்னுது நல்லாயிருக்கு. எதுக்கும் நல்லா வேகவச்சுத் தின்னு."

செல்லாயிக்கு வந்ததே ஆத்திரம்!

"அது எப்படிப்பா? ஒரே பன்னி, ஒரே தொடை. ஊருக்கெல்லாம் நல்ல கறி, என் கூறை மட்டும் தேடி வந்து பூந்துச்சாக்கும் பூச்சி? இருந்தாத்தான் என்ன? கரையக் கரைய வேகவச்சா எந்தப் பூச்சி பொழைக்கும்? போன தடவை நீதானே சொன்னே!"

அய்யாவு பாராங்கத்தியைத் துடைத்து எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான்.

சுற்றி நின்றவர்கள் யாரும் அவளுக்காகப் பேசவில்லை. பேசுவார்களா? கையில் கறி இருக்கிறதே! அவரவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

செல்லாயி வெறும் இலையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். பிள்ளை குட்டி இல்லை. புருஷன் நடராஜாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போட இழுத்துக்கொண்டு போனதிலிருந்து, ஏன் என்று கேட்க ஒரு நாதி கிடையாது. சில நாள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே படுத்துவிடுவாள். கூறு போடும்போதுதான், "அண்ணி, வாங்க" என்று அவளையும் ஒரு வீடாக மதித்துக் கூப்பிடுவான் அய்யாவு. வேறு யாருமில்லை, அவள் புருஷனுக்குச் சித்தப்பா மகன், சொந்தப் பங்காளி.

அவனே இப்படிச் செய்தால்? புருஷன் இல்லாத வீடு வீடில்லையா? நாளைக்கு அவர் திரும்பி வந்து, "என் பொண்டாட்டிக்கு ஒரு கூறு கறி கொடுக்க உனக்கு மனசு வரலியா"ன்னு கேட்டால் இவன் எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வான்?

லயம் முழுக்கக் கறி வேகும் வாசனை. வயிறு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் எரிந்தது.

குழந்தைவேலுவின் மனைவி வாசலில் எட்டிப் பார்த்தாள். "இங்க உக்காந்து அழுது என்னத்துக்கு அக்கா? உங்க கூறும் சேர்ந்து அவன் சட்டியிலதான் கொதிச்சுக்கிட்டு இருக்கும். போய்ப் பாருங்க."

அவ்வளவுதான். செல்லாயி விறுவிறுவென்று போனாள். அய்யாவு சுவரோரமாகக் குந்தியிருந்தான். அவன் மனைவி புஷ்பவள்ளி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் பொண்டாட்டி வாயில அடிச்சுத் தின்னா செமிக்குமாடா உனக்கு?"

கேட்ட வேகத்தில் சட்டி மூடியைத் தூக்கினாள்.

உள்ளே வெறும் மரவள்ளிக் கிழங்கு.

செல்லாயிக்கு ஒன்றும் புரியவில்லை. குரல் தானாகத் தணிந்தது. "ஏம்பா, கண்ணி வச்சவன் நீ. உன் கூறு எங்கே? அதுலயுமா பூச்சி?"

புஷ்பவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

"பூச்சியெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி." அய்யாவு மெல்ல எழுந்தான். "சயாம்லேருந்து தப்பி வந்த பழனியாண்டியக் காலையில கரங்கான்ல பார்த்தேன். அண்ணன் கூடவே இருந்தவன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்..."

"என்னத்தச் சொல்றதுக்கு?"

அவன் அவள் கழுத்துத் தாலிக்கயிற்றைப் பார்த்தான். பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

"காரியம் முடியிற வரைக்கும் நம்ம ரெண்டு வீட்டுலயும் கவிச்சி ஆகாது அண்ணி."