வலிதியாவில் இரண்டு டஜன் சிப்பி

எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்ததும், ஓட்டுக்குள் கிடந்த சிப்பி தன் விளிம்பைச் சுருக்கிக்கொண்டது.

நவ்ஃபலுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாளில் அவன் பார்த்த முதல் உயிருள்ள சிப்பி அது.

கப்பலில் இருந்தது எதுவும் சுருங்கவில்லை. முதல் நாள் விருந்தில் பனிக்கட்டிமேல் அடுக்கி வைத்திருந்த பன்னிரண்டுக்கும் அவன் வரிசையாகப் பிழிந்து பார்த்தான். பன்னிரண்டும் மல்லாந்து கிடந்தன. நாலு மாதமாக உறைபெட்டியில் பத்திரமாக இருந்த சரக்கு என்று கப்பல் சமையல்காரர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அவன் மனைவி இக்ராம் கேட்டது அதை அல்ல. மாமனார் சி அல்லால், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், என்றுமில்லாத திருநாளாக மனைவி, மகள், மாப்பிள்ளை எல்லோரையும் தன் செலவில் தாஞ்சியர் துறைமுகத்தில் உல்லாசக் கப்பலேற்றினார். ஏறிய அன்றே நவ்ஃபலின் காதில் இக்ராம் சிப்பி வேண்டும் என்றாள். மறுநாள் இரண்டு தரம் சொன்னாள். செத்தது வேண்டாம், கடலிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக இருக்க வேண்டும் என்றாள்.

மீன் கடை இருக்கும் தெருவில்கூட நடக்காதவள்.

நவ்ஃபல் ஏன் என்று கேட்கவில்லை. அவர்கள் ஊரான மெக்னெஸில் எந்தப் புருஷனும் கேட்கமாட்டான். மூன்று மாதம் ஆகும்வரை அந்தப் பேச்சை எடுத்தால் கண் பட்டுவிடும். வாயை மூடிக்கொண்டு, அவள் ஆசைப்பட்டதை வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான். வாங்கி வராவிட்டால் கேட்ட பொருளின் வடிவத்திலேயே பிள்ளைக்கு மறு விழும். அவனுடைய சித்தப்பா மகன் லஹ்சனின் இடது கன்னத்தில் ஓர் அத்திப்பழம் இருக்கிறது. சீசன் இல்லை என்று சித்தப்பா சும்மா இருந்துவிட்டார். முப்பது வருஷமாக லஹ்சன் வலது கன்னத்தைக் காட்டித்தான் போட்டோவுக்கு நிற்கிறான்.

அத்திப்பழத்துக்காவது ஒரு வடிவம் உண்டு. சிப்பி வந்தால் அதை என்னவென்று ஊருக்குச் சொல்வது?

அதுவும் ஐந்து வருஷம் காத்திருந்து வரப்போகிற முகத்தில்.

இன்று விடியற்காலை ஸஃபி துறைமுகத்தில் கப்பலைக் கட்டியதும் முதலில் இறங்கியவன் அவன்தான். மற்ற பயணிகள் மண்பாண்டம் பார்க்கப் போனார்கள். அவன் ஒரு டாக்சியைப் பிடித்து, ஒரு மணி நேரம் வடக்கே விரட்டி, சிப்பி வளர்க்கும் வலிதியாக் காயலுக்கு வந்து சேர்ந்தான். நாலு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும்.

சிப்பிக்காரர் பூஷ்ட்டா முழங்கால் தண்ணீரில் நின்றபடி கூடையில் இரண்டு டஜன் எண்ணிப் போட்டார். போட்டுவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டுல எத்தனாவது மாசம் தம்பி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா ஆசைப்பட்டா."

"சும்மா ஆசைப்பட்டதுக்கா கப்பல விட்டு இறங்கி வந்தே?"

மேலும் ஆறு சிப்பியை அள்ளிப் போட்டார். அந்த ஆறுக்குக் காசு வாங்கினால் தன் கை விளங்காது என்றார்.

கப்பல் வாசலில் காவலாளி கூடையைத் தடுத்தான். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்றான். மனைவி ஆசைப்பட்டாள் என்று நவ்ஃபல் சொன்னதும், அகாதிர் ஊர்க்காரனான அவனும் சட்டென்று கூடையை விட்டுவிட்டுக் கடற்பறவைகளை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

சமையலறையில் கத்தி வாங்கி, இரண்டு விரலை அறுத்துக்கொண்டு, முப்பதையும் திறந்து, தட்டில் அடுக்கி, மேல்தளத்துக்குக் கொண்டுபோனான்.

இக்ராம் முகத்தைத் திருப்பியபடி தட்டை வாங்கினாள். வாங்கிய கையோடு அதைத் தன் அம்மாவின் மடியில் வைத்தாள்.

மாமியார் லல்லா ராபியா யாரையும் பார்க்கவில்லை. முதல் சிப்பியை உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினார். பிறகு நிறுத்தவே இல்லை. நாற்பத்தாறு வயதில் ஒருவர் அவ்வளவு லயித்துச் சாப்பிட்டு நவ்ஃபல் பார்த்ததில்லை.

மாமனார் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

இக்ராம் அவனைக் கைப்பிடிக் கம்பி ஓரமாக இழுத்துப்போனாள். அம்மாவுக்கு மூன்றாவது மாதம் முடிகிறதாம். அதைச் சொல்லத்தான் அப்பா எல்லோரையும் கப்பலேற்றினாராம். மூன்று நாளாக அவருக்கு வாய் வரவில்லையாம். மாப்பிள்ளையிடம் கேட்க அம்மாவுக்கு வெட்கமாம். அதனால்தான் தன் ஆசைபோல அவள் கேட்டாளாம்.

நவ்ஃபல் அறுபட்ட விரலைச் சப்பினான். ஐந்து வருஷம் காத்திருந்ததற்கு ஒரு மச்சான் கிடைத்திருக்கிறான். மறு இல்லாத மச்சான். நல்ல செய்திதான் என்று மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். இரண்டாவது தரம் கொஞ்சம் நிஜமாகவே பட்டது.

போய்த் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்து, நீயும் சாப்பிடு என்று அவளிடம் நீட்டினான்.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, எடுங்க அந்தப் பக்கம். காலையிலேருந்து குடிச்ச தண்ணிகூட உள்ள தங்கல. இந்தப் பாழாப்போன கப்பல் ஆடுற ஆட்டத்துல."

கப்பல் விடியற்காலையிலிருந்து கட்டிய இடத்தில் கிடந்தது. துறைமுகத் தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல் இருந்தது.

"ஆமா," என்றான் நவ்ஃபல், கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு. "ரொம்பத்தான் ஆடுது."