சேனாதிபதி சாகவில்லை

"சேனாதிபதி செத்துட்டான்னு சொன்னீங்களே, எங்கே செத்தான்?"

செங்கல் கனத்துக்கு இருந்த புத்தகத்தை ஸ்டோர் கவுன்ட்டரின்மேல் ஓங்கி வைத்தார் டயர்க்காரர்.

நட்டுகளைத் தரம்பிரித்துக்கொண்டிருந்த ஸ்டோர்கீப்பர் தலையை உயர்த்தவில்லை. "சாகலையா?"

"போன்ல என் பொண்ணுகிட்ட, 'சேனாதிபதி செத்தது மனசைப் பிசைஞ்சிடுச்சும்மா'ன்னேன். 'எந்தப் பக்கத்துலப்பா செத்தான்?'னு கேட்டா. என் மானமே போச்சு!"

பஸ் பணிமனை முழுவதும் அவர் பக்கம் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். வண்டிகளின் ஊர்ப்பலகையைத் தவிர வேறெதையும் வாசித்தறியாதவர். அவர் மகளோ ஐந்து பாகங்களில் ஒரு மாயக் கதை எழுதிக்கொண்டிருந்தாள். முதல் பாகம் அச்சாகி வந்ததும், "படிச்சீங்களாப்பா?" என்று ஞாயிறுதோறும் கேட்டாள். இல்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. ஆகவே, புத்தகப் புழுவான ஸ்டோர்கீப்பரிடம் அதைக் கொடுத்து, "நீங்க படிச்சிட்டுக் கதையை மட்டும் சொல்லுங்க சார்" என்று கெஞ்சியிருந்தார்.

"எனக்கு அப்படித்தான் ஞாபகம். சந்தேகமா இருந்தா நீங்களே பாருங்க அண்ணே" என்றார் ஸ்டோர்கீப்பர், கூசாமல்.

சந்தேகம் என்ற சொல் போதும் டயர்க்காரருக்கு. காற்று சரியாக இருக்கிறது என்று ஃபோர்மேனே சொன்னாலும், சுத்தியலால் தட்டி, ஓசையைத் தம் காதால் கேளாமல் ஒரு வண்டியையும் வெளியே விட்டவர் அல்லர் அவர்.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பழைய டயரின்மேல் அமர்ந்து, எழுத்துக்கூட்டித் தொடங்கினார். சங்கு ஊதியபோது அரைப் பக்கம் முடிந்திருந்தது.

"என்னண்ணே, பஞ்சரா?" என்று கேலி செய்தார் ஒரு டிரைவர்.

"காத்து ஏறுது. பொறு."

ஏறியது. நாற்பதாம் பக்கத்தில் ஒரு யாளி மலைப்பிளவிலிருந்து சிறகை விரித்தது. அறுபதாம் பக்கத்தில் சேனாதிபதி அதன் முதுகில் தாவி ஏறினான். டயர்க்காரர் முதலில் டீயை மறந்தார். பிறகு சோற்றை மறந்தார். அடுத்த மாதம் சங்கொலியே அவர் காதில் விழவில்லை. ஃபோர்மேன் வந்து தோளைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது.

"எங்கய்யா இருக்கீங்க?"

"கோட்டை வாசல்ல. மேலேர்ந்து கொதிக்கிற எண்ணெய் ஊத்துறாங்க, தள்ளி நில்லுங்க சார்!"

சேனாதிபதி சாகவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், கோட்டைச் சுவரின் உச்சியில், உயிரோடு நின்றான்.

இரண்டாம் பாகம் வந்தது. இம்முறை ஸ்டோர்கீப்பர் தாமாகவே கூப்பிட்டுச் சொன்னார்: "இதுல அந்த யாளி எதிரியோட சேர்ந்துடுது."

"வாயைக் கழுவுங்க! அது அப்படிப்பட்ட யாளி இல்லை!"

ஐந்தே வாரத்தில் முடித்துவிட்டு வந்து கவுன்ட்டரில் அறைந்தார். "சேரலை!"

மூன்றாம் பாகத்தில் இளவரசி பயந்து ஓடிவிடுவாள் என்றார் ஸ்டோர்கீப்பர். நான்காம் பாகத்தில் கோட்டை இடிந்துவிடும் என்றார். ஐந்தாவதில் எல்லாமே வெறும் கனவாகிவிடும் என்றார். அத்தனையும் பொய்.

பணிமனைக்குப் பொறுக்கவில்லை. "எழுத்துக்கூட்டிப் படிக்கிற மனுஷனை வெச்சு விளையாடுறியே, நீயெல்லாம் உருப்படுவியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார் அந்த டிரைவர். சாப்பாட்டுக் கொட்டகையில் ஸ்டோர்கீப்பரின் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அவர் தனியே உண்டு எழுந்துபோனார்.

ஐந்தாம் பாகத்தையும் டயர்க்காரர் முடித்த வாரத்தில், மகள் பணிமனைக்கே வந்துவிட்டாள்.

"கடைசி அத்தியாயம் எப்படிப்பா இருந்துச்சு?"

விடையாக அவர் புத்தகத்தைப் பிரித்தார். விரல் வரியைத் தொடவில்லை. நாக்கு எங்கும் இடறவில்லை. முழங்கினார். கோட்டைக் கதவு திறந்தது. யாளி இறங்கியது. இளவரசி கொடியை ஏற்றினாள். சங்கு ஊதியது, கொட்டகையில் இருந்த முப்பது பேரில் ஒருவரும் எழவில்லை, ஃபோர்மேன் உட்பட. கடைசி வரி முடிந்ததும் எழுந்த கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

டயர்க்காரர் புத்தகத்தை மூடி, இடுப்பிலிருந்த சுத்தியலை உருவி, அட்டையை இலேசாகத் தட்டிக் காதைச் சாய்த்தார்.

"சரியா இருக்கும்மா. வண்டி கிளம்பலாம்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா அதோ அந்த ஆளை நம்பியிருந்தா நான் கெட்டேன்" என்று மூலையைச் சுட்டினார் அவர். "அஞ்சு பாகத்துல ஒண்ணையாவது ஒழுங்காச் சொன்னாரான்னு கேளு!"

முப்பது முகங்களும் மூலைப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்து முறைத்தன.

ஸ்டோர்கீப்பர் எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் அஞ்சு பாகமும் சொன்னேன் அண்ணே. முதல் பாகம் வந்த அன்னிக்கே தபால்ல வந்தது இது. இப்பதான் உங்களுக்கே படிக்க வருதே. படிங்க."

மகளின் கையெழுத்து. டயர்க்காரர் எழுத்துக்கூட்டாமல் உரக்கப் படித்தார்:

"மாமா, அப்பா உங்களிடம்தான் கதை கேட்பார். சரியாகச் சொல்லிவிட்டால் புத்தகத்தைத் தொடவே மாட்டார். சந்தேகம் வந்துவிட்டால், தாமே தட்டிப் பார்க்காமல் விடமாட்டார். அதனால் தயவுசெய்து, சேனாதிபதி செத்துவிட்டான் என்று சொல்லுங்கள்."